கடலுக்குப் போன கூரை

அக்காவுக்கு எதையும் தனியாகப் பார்க்கத் தெரியாது. வடிவான ஒன்று கண்ணில் பட்டால் உடனே பக்கத்தில் நிற்கிறவரைக் கூப்பிட வேண்டும். பக்கத்தில் ஆளில்லை என்றால் தெருவில் போகிறவரை மறித்துக் கூப்பிடுவார். "இஞ்ச ஒருக்கா வந்து பாருங்கோ!" என்று அவர் கத்துகிற கத்தலுக்கு, யாரோ கிணற்றுக்குள் விழுந்துவிட்டார்கள் என்று நான் எத்தனையோ தரம் செருப்பும் போடாமல் ஓடியிருக்கிறேன். போய்ப் பார்த்தால் ஒரு வேப்பமரத்து வேராக இருக்கும். இல்லாவிட்டால் யாரோ எறிந்துவிட்டுப் போன நெளிந்த வாளி.

பெயர் சொல்லமாட்டேன். சொன்னால் இதையும் பத்துப் பேருக்குக் கூப்பிட்டுக் காட்டுவார். வவுனியாப் பக்கம் பிறந்து, வெளிநாட்டில் கட்டடக்கலை படித்து, அங்கேயே படிப்பித்துக்கொண்டிருந்தவர். ஆறேழு வருடங்களுக்கு முன் நீண்ட லீவு எடுத்துக்கொண்டு வன்னிக்கு வந்து நின்றார். நான் அக்கா என்றுதான் கூப்பிட்டேன். இதிலும் அக்காவாகவே இருக்கட்டும்.

கிளிநொச்சியில் எனக்கு ஒரு பலகை வெட்டும் கடை உண்டு. கையால் வெட்டுவதில்லை. கொம்பியூட்டரில் படத்தைக் கொடுத்தால் மிசின் தன்பாட்டுக்கு வெட்டித் தள்ளும். கதவுக்குப் பூங்கொடி, கோயிலுக்கு ஓம், தேவாலயத்துக்குத் திராட்சைக் குலை, மணவறைக்கு மயில். எங்கள் ஊர்க் கலியாணங்களில் பாதிக்கு என்னுடைய மயில்கள்தான் மாப்பிள்ளை பொம்பிளைக்குப் பின்னால் நின்றன. எல்லாம் ஒரே மயில்தான். ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை.

ஒருநாள் மிசின் மயிலின் தோகையை வெட்டிக்கொண்டிருக்கும்போது அக்கா உள்ளே வந்தார்.

"தம்பி, உம்மட மிசின் கோணல்மாணலா வெட்டுமோ?"

"மயில் என்னக்கா நேராவோ இருக்கு?"

"மயிலை விடும். புத்து வெட்டுமோ?"

"என்ன புத்து?"

"பாம்புப் புத்து!"

எனக்கு விசர் வந்தது. காலையில் இருந்து கரண்ட் போய்ப் போய் வந்துகொண்டிருந்தது. இந்த நேரத்தில் பாம்புப் புற்றோடு ஒருவர் வந்தால் யாருக்குத்தான் வராது? ஆனால் அவர் மடிக்கணினியைத் திறந்து மேசையில் வைத்தார். நானும் எட்டிப் பார்த்தேன். கறுப்புத் திரையில் ஒரு புற்று மெதுவாகச் சுழன்றது. ஒவ்வொரு மடிப்பும் ஒவ்வொரு ஓட்டையும் தெரிந்தது. மிசினில் தோகை முறிந்ததைக்கூட நான் கவனிக்கவில்லை.

கண்டாவளையில் வயல் வரம்போடு நின்ற புற்றாம் அது. அக்காவிடம் அயன் பெட்டி அளவில் ஒரு ஸ்கானர் இருந்தது. அதிலிருந்து வெளிச்சம் போய்ப் பொருளில் பட்டுத் திரும்பும். கோடிக்கணக்கான புள்ளிகளாக அந்தப் பொருள் அப்படியே திரையில் எழும்பி நிற்கும். அதற்குப் பொருளைச் சுற்றி மெதுவாக நடக்க வேண்டும். அக்கா கையில் வெளிச்சத்தோடு பக்தியாகப் புற்றை வலம் வந்ததைக் கண்டு, வயலுக்குப் போன ஒரு அம்மா செருப்பைக் கழற்றிவிட்டுப் பின்னால் சுற்றத் தொடங்கிவிட்டார். அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர். அக்கா திரும்பிப் பார்த்து, சந்தோசம் தாங்காமல், "அம்மா, இஞ்ச வந்து பாருங்கோ!" என்று திரையைக் காட்ட, அந்த அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். அடுத்த கிழமை அந்தப் புற்றுக்கு மஞ்சள் துணி கட்டி விளக்கு வைத்திருந்தார்கள். இப்போது அங்கே பொங்கலும் நடக்கிறதாகக் கேள்வி.

அந்தப் புற்றை வேப்பம் பலகையில் வெட்டி இருக்கை செய்து கொடுத்தேன். உட்கார்ந்தால் சொர்க்கம். அதன் பிறகு அக்கா என் கடையில்தான் பொழுதெல்லாம்.

ஒருநாள் நான் கோபத்தில் அவரை ஏசிக்கொண்டிருந்தேன். கலியாண வீட்டுக்காரர் வெளியே நிற்க, அக்கா எனது மிசினில் ஒரு கல்லை வெட்டிப் பார்க்க வேண்டும் என்று அடம்பிடித்தார். நான் வாயைப் பிளந்து, கண்ணை உருட்டி, "அக்கா, உங்களுக்கு விசரோ?" என்று கத்தும்போது அவர் ஸ்கானரை என் முகத்துக்கு நேரே பிடித்து, "அப்பிடியே நில்லும், அப்பிடியே நில்லும்! வாயை மூடாதேயும்!" என்றார். நானும் ஒரு மொக்கன். அப்படியே நின்றேன்.

இரண்டு நாளில் என் முகம் பலகையில் கடைச் சுவரில் தொங்கியது. வாய் குகை மாதிரி. ஜெயபுரத்திலிருந்து கதவு எடுக்க வந்த ஒரு ஐயா அதை நெடுநேரம் பார்த்தார். "தம்பி, இந்தப் பூதம் விக்கிறதுக்கோ?" என்றார். நான் பதில் சொல்லும் முன் அக்கா கழற்றிக் கொடுத்துவிட்டார். இன்றைக்கும் ஜெயபுரத்தில் அந்த வீட்டு வாசலில் கண்ணூறு படாமல் இருக்க நான் தொங்கிக்கொண்டிருக்கிறேன். அந்தப் பக்கம் போனால் தொப்பி போட்டுக்கொண்டுதான் போவேன்.

கட்டடம் கட்டுவது பற்றி அக்காவிடம் ஒரு கதை இருந்தது. அதை எல்லோரிடமும் சொல்வார். தேத்தண்ணிக் கடையில் சொல்வார், பஸ்ஸில் சொல்வார், என்னிடம் தினமும் சொல்வார். "எல்லாரும் முதல்ல படம் கீறிப்போட்டுப் பேந்து அதுக்கேத்த சாமான் தேடுகினம். நான் கிடக்கிற சாமானை முதல்ல வடிவாப் பாத்துப்போட்டுத்தான் படம் கீறுவன்." நெளிந்ததோ முறிந்ததோ, இருக்கிறபடி ஸ்கான் பண்ணு; அது எப்படிக் கிடக்கிறதோ அதற்குப் பொருந்துகிற மாதிரி மற்றத் துண்டை மிசின் வெட்டட்டும். அதுதான் அவருடைய ஆராய்ச்சி. இந்த முறையில் ஒரு கட்டடமாவது ஊரில் எழுப்பிக் காட்ட வேண்டும் என்று வந்தவர், கடைசியில் முல்லைத்தீவுக் கரையில் போய் மாட்டினார்.

வற்றாப்பளை தாண்டிப் போனால் வருகிற ஒரு கத்தோலிக்கக் கிராமம் அது. அங்கே பிலோமினாக்கா என்று ஒருவர் மாதர் சங்கத் தலைவி. மாரியில் கடல் கொந்தளித்து ஆம்பிளைகள் கரையில் இருக்கும்போது, பெண்கள்தான் களப்பு இறாலையும் மீனையும் விற்றுக் குடும்பம் பார்ப்பார்கள். விற்பதற்கு அவர்களிடம் ஒரு தகரக் கொட்டகை இருந்தது. போன மாரிக் காற்று அதைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. இடம் வெறுமையாகக் கிடக்கவும், கடற்றொழிலாளர் சங்கத்துக்கு அங்கே ஐஸ் அறை கட்ட ஆசை வந்துவிட்டது. சங்கத் தலைவர் வள்ளமும் வலையும் வைத்துத் தொழில் நடத்துகிற, ஊரில் பெரிய சம்மாட்டி. ஆளும் பெரிய ஆள், குரலும் பெரிய குரல். பிலோமினாக்கா விடவில்லை. சங்கக் கூட்டத்தில் போய் நின்று சண்டை பிடித்தார். கடைசியில் ஒரு பேச்சுக்கு வந்தார்கள். மார்கழியில் வருகிற சவேரியார் பெருநாளுக்குள் கூரை ஏறினால் இடம் பெண்களுக்கு. ஏறாவிட்டால் ஐஸ் அறை.

பிலோமினாக்காவுக்கு அக்காவைப் பற்றி யார் சொன்னார்களோ தெரியாது. அக்கா அந்தக் கரைக்குப் போனார். இராவணன் மீசைப் புல்லுக்குள் ஏழு பழைய பைபர் வள்ளங்கள் கவிழ்ந்தும் சரிந்தும் கிடந்தன. ஒழுகுகிறது, எங்கே ஒழுகுகிறது என்று தெரியவில்லை, ஒட்டி ஒட்டிக் களைத்துக் கைவிட்ட வள்ளங்கள்.

"இஞ்ச வந்து பாருங்கோ!" என்று அக்கா போட்ட சத்தத்தில் கரையோர வாடிக் குடிசைகளுக்குள் படுத்திருந்தவர்கள் எல்லாம் எழும்பி வந்தார்களாம். "உங்கட கூரை இஞ்ச கிடக்குது!"

வள்ளங்களைக் கவிழ்த்து வரிசையாகத் தூண்களுக்கு மேல் ஏற்றினால் அதுவே கூரை. வள்ளம் தண்ணீரை வெளியே நிறுத்தத்தான் செய்தது, வெடிப்பை அடைத்தால் மழையையும் நிறுத்தும். ஒவ்வொரு வள்ளத்தையும் ஸ்கான் பண்ணி, அதன் வயிற்றுக்குள் சரியாகப் போய்ப் பொருந்துகிற மாதிரி வளைந்த விலாப் பலகைகளை என் மிசின் வெட்டும். விலாக்களைப் பனந்தூண்களில் பூட்டி, வள்ளத்தைத் தொப்பி போல மேலே போட்டால் முடிந்தது. ஒவ்வொரு தலைக்கும் அதனதன் தொப்பிதான் பொருந்தும். இரண்டு வள்ளங்களுக்கு இடையில் மழைத்தண்ணி ஓடப் பெரிய குழாயை நெடுக்கப் பிளந்து பீலி. சொல்லக் கேட்க எனக்கே தலை சுற்றியது.

வள்ளக்காரர் சந்தோசமாகக் கொடுத்தார்கள். சம்மாட்டியாரின் பழைய வள்ளமும் அதில் ஒன்று. எல்லாவற்றிலும் நீளமானது. பிலோமினாக்கா கேட்டதற்கு, "கொண்டு போங்கோ. உதுக்க நாய்தான் குட்டி போட்டுக் கிடக்கு" என்றாராம். ஆனால் ஸ்கான் பண்ணும்போது அக்கா கூப்பிடக் கூப்பிட, ஊரிலேயே வந்து பார்க்காத ஒரே ஆள் அவர்தான். முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டு நிற்பார்.

அதற்குப் பிறகு நடந்ததற்கு முழுக்க முழுக்க அக்காவின் வாய்தான் காரணம்.

அவர் வள்ளங்களை உள்ளும் புறமும் ஸ்கான் பண்ணியிருந்தார். இரண்டுக்கும் இடையில் எவ்வளவு தடிப்பு என்பதைக் கொம்பியூட்டர் கணக்குப் பார்த்து நிறமாகக் காட்டும். நல்ல இடம் நீலம், மெலிந்த இடம் மஞ்சள், வெடித்த இடம் சிவப்பு. இவ்வளவு வடிவான படத்தை அக்கா தனியாகப் பார்த்துக்கொண்டு இருப்பாரா? மீன் வாடியில் ஒரு வெள்ளைப் படுக்கைச் சீலையைக் கட்டி, பொழுது படுகிற நேரம் ஊரையே கூப்பிட்டுப் போட்டுக் காட்டினார். சனம் கச்சான் கொறித்துக்கொண்டு பார்த்தது. ஒவ்வொரு வள்ளமும் சீலையில் சுழலும்போது விசில் அடித்தார்கள். சிவப்புக் கோடு வந்தால், "அட, இஞ்சாலயோ போகுது!" என்று கத்தினார்கள். அக்காவுக்குத் தலைகால் தெரியவில்லை. தன்னுடைய கட்டடக்கலையை ஊர் இவ்வளவு ரசிக்கிறதே என்று நினைத்தார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. கடலில் வளர்ந்த சனம் அந்தப் படத்தில் வேறென்ன பார்க்கும் என்று எங்கள் இருவருக்கும் உறைக்கவில்லை.

ஐப்பசி மாதத்தில், முதலில் வெட்டிய விலாப் பலகைகளைச் சின்ன லொறியில் ஏற்றிக்கொண்டு நானும் அக்காவும் போனோம். இறங்கிப் பார்த்தால் புல்லுக்குள் ஒன்றுமில்லை. வள்ளம் கிடந்த இடங்களில் மண்தான் அழுந்திக் கிடந்தது. நாய்க்குட்டிகள் மட்டும் வெயிலில் நின்றன.

"பிலோமினாக்கா, வள்ளங்கள் எங்க?" என்றேன்.

பிலோமினாக்கா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கடலைக் காட்டினார்.

"உங்கட கூரை விடியவே தொழிலுக்குப் போட்டுது. பத்து மணிக்குத்தான் வரும்."

எனக்கு விளங்கச் சிறிது நேரம் எடுத்தது. அக்காவுக்கு உடனே விளங்கிவிட்டது. அவர் மணலில் தொப்பென்று இருந்து, பிறகு மல்லாக்கப் படுத்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "தம்பி, என்ர கூரை மீன் பிடிக்குது! இஞ்ச வந்து பாரும், என்ர கூரை மீன் பிடிக்குது!" நான் எதைப் பார்ப்பது? கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணிதான்.

பத்து மணிக்குக் கூரை ஒவ்வொன்றாகக் கரைக்கு வந்தது. இறங்கிய பொடியன்மார் வெட்கத்தில் அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை. ஒருவன் நல்ல பாரை மீன் ஒன்றைத் தூக்கி நீட்டினான். "அக்கா, குறை நினைக்காதேங்கோ. உங்கட படத்தில சிவப்புக் கிடந்த இடத்தில ரெண்டு பைபர் பாய் வைச்சு ஒட்டினம். ஒரு சொட்டு உள்ளுக்க வருதில்லை." இன்னொருவன் சொன்னான்: "நாங்கள் அஞ்சாறு வருசமா மற்றப் பக்கத்தையெல்லோ ஒட்டிக்கொண்டிருந்தனாங்கள்!" கடைசியாக வந்தது சம்மாட்டியாரின் நீள வள்ளம். படத்தை எட்டியும் பார்க்காத மனிசனின் வள்ளத்தில், சிவப்புக் கோடு போன இடத்திலேயே, புதுப் பெயின்ற் ஒரு விரல் அங்காலே இங்காலே போகாமல் அடித்திருந்தது. யாரையோ விட்டுப் போனில் படம் எடுப்பித்திருக்கிறார், கள்ள மனிசன்.

அக்கா வள்ளம் வள்ளமாக ஓடி ஒட்டுப் போட்ட இடங்களைத் தடவிப் பார்த்தார். "என்ன வடிவா ஒட்டியிருக்கிறாங்கள்! தம்பி, பாரும், பாரும்!"

"பிள்ளை." பிலோமினாக்காவின் குரல் மெதுவாகத்தான் வந்தது. "நீர் சிரிக்கிறீர். நல்லது. பெருநாளுக்கு இன்னும் எத்தினை நாள் கிடக்கு? உம்மை நம்பித்தான் நான் அந்தாளோட சண்டை பிடிச்சனான். அங்க இருக்கிற ஒவ்வொருத்திக்கும் கூரை வரும் கூரை வருமெண்டு சொன்னனான். மாரி முழுக்க அவளவை இறால் கூடையோட மழையிக்க நிப்பாளவையோ?"

அக்காவின் சிரிப்பு நின்றது. வள்ளத்தில் இருந்த கையை எடுத்தார். பிறகு அலைக் கரையில் போய் இருந்தார். ஒரு நண்டு அவருடைய காலுக்குப் பக்கத்தில் மண்ணுருண்டைகளால் ஒரு பெரிய பூவே போட்டுவிட்டுப் போனது. அக்கா ஒருவரையும் கூப்பிடவில்லை. அவரை அப்படி நான் ஒருநாளும் கண்டதில்லை.

சோறு தின்னும் நேரம் எழும்பி வந்தார்.

"பிலோமினாக்கா, மாரிக்கு உந்த வள்ளங்கள் எங்க கிடக்கும்?"

"எங்க கிடக்கும்? கரையிலதான். மழைத்தண்ணி நிரம்பாமல் கவிட்டு வைப்பினம்."

"கூரை உங்களுக்கு எப்ப வேணும்?"

"இதென்ன கேள்வி? மாரிக்குத்தான். வெயிலுக்கு நாலு கிடுகைக் கட்டினாக் காணும்."

சொல்லி முடித்ததும் பிலோமினாக்கா வாயைப் பொத்திக்கொண்டார். அக்கா அவரைப் பார்க்க, அவர் அக்காவைப் பார்க்க, இரண்டு பேரும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு குதித்த குதியில் நாய்க்குட்டிகள் ஓடிவிட்டன. நான் கையில் சோற்றுக் கோப்பையோடு நின்றேன். எனக்கு யாராவது சொல்லித் தாருங்கோவன் என்று கெஞ்ச வேண்டியதாகிவிட்டது.

கடல் வள்ளங்களைக் கரைக்குத் துரத்துகிற அதே மாதங்களில்தான் பெண்களுக்குக் கூரை வேண்டும். அப்படியென்றால் எங்கேயோ கவிழ்ந்து கிடக்கப்போகிற வள்ளம், விலாவுக்கு மேலே கவிழ்ந்து கிடக்கட்டும். கடல் அடங்கினால் இறங்கித் தொழிலுக்குப் போகட்டும்.

ஆனால் என் பாடுதான் திண்டாட்டம். முதல் வெட்டிய விலாக்கள் எல்லாம் வீண். இனி வள்ளத்தின் குறுக்குப் பலகைகளைக் கழற்ற முடியாது, ஒட்டுப் போட்ட இடங்கள் உள்ளே தடித்துவிட்டன. அக்கா ஆறு வள்ளங்களைத் திரும்ப ஸ்கான் பண்ணினார். ஏழாவது சம்மாட்டியாருடையது. அவர் கிட்டவும் விடவில்லை.

"என்ர வள்ளம் ஆருக்கும் குடையில்லை" என்றார். அவ்வளவுதான்.

அக்கா பழைய ஸ்கானையே வைத்து, ஒட்டுக்கு இவ்வளவு தடிப்பு இருக்கும் என்று ஊகித்து ஏழாவது விலாவையும் வெட்டச் சொன்னார். "அந்தாள் தராட்டி?" என்றேன். "தராட்டி விலா சும்மா நிக்கட்டும், நீர் வெட்டும்" என்றார். மிசின் பகலெல்லாம் அலறியது. மயில்கள் பிந்தின. ஒரு மாப்பிள்ளையின் தாய் கடைக்கு வந்து, "என்ர பிள்ளைக்கு மயில் எங்க?" என்று மிசினையே மறித்துக்கொண்டு நின்றுவிட்டார். அக்கா அவரைக் கையில் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் வீணாய்ப்போன விலாக்களைக் காட்டினார். என்ன மந்திரம் போட்டாரோ, அந்த அம்மா அவற்றையே எடுத்துக்கொண்டு போய்ப் பொன் பெயின்ற் அடித்து மணவறை கட்டிவிட்டார். வள்ளத்தின் வயிற்றுக்குள் தாலி கட்டிய சோடி எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான். அதற்குப் பிறகு மூன்று பேர் வந்து மயில் வேண்டாம், விலா தாங்கோ என்றார்கள்.

பெருநாளுக்கு முதல் கிழமை கடல் எழும்பியது. வள்ளங்கள் கரையேறின. ஆறு வள்ளங்களையும் சறுக்குப் பலகையில் ஏற்றித் தள்ளித் தள்ளி விலாக்களில் போட்டார்கள். ஒவ்வொன்றும் போய் உட்காரும்போது அக்கா வீதிக்கு ஓடி யாரையாவது மறித்து இழுத்துக்கொண்டு வந்தார். நடுவில் மட்டும் ஒரு வெட்டை. சம்மாட்டியாரின் வள்ளம் நீளம் என்பதால் அக்கா அதை நடுக்கூரையாகத் திட்டம் போட்டிருந்தார். அங்கே விலாக்கள் மட்டும் எலும்பாக நின்றன. சங்கத்துச் செயலாளர் வந்து அண்ணாந்து பார்த்தார். "இது முழுக்கூரை இல்லையே" என்றார்.

பெருநாள் பூசை முடிந்து, மண்டபத்தை மந்திரிக்கச் சுவாமியார் வந்தார். ஊர் முழுக்கக் கூரைக்குக் கீழே. சுவாமியாருக்கும் சங்கத் தலைவருக்கும் முன்னால் நடுவில் கதிரை போட்டிருந்தது. முறை அதுதானே. சுவாமியார் தீர்த்தம் தெளித்துக்கொண்டு போய், ஓரத்து வள்ளத்துக்குக் கீழே நின்று நாலு வார்த்தை பேசத் தொடங்கினார். மழையும் தொடங்கியது. முதலில் தூறல். பிறகு வன்னி மாரி எப்படியோ அப்படி.

ஆறு வள்ளத்துக்குக் கீழே இருந்த சனத்தின் தலையில் ஒரு சொட்டு விழவில்லை. நடுவில் இருந்த சம்மாட்டியாரின் தலையில் வானமே விழுந்தது. மனிசன் அசையவில்லை. வெள்ளை வேட்டி உடம்போடு ஒட்ட, மீசையால் தண்ணி வடிய, முகத்தை இறுக்கிக்கொண்டு இருந்தார். யாரோ ஒருவர் குடையை விரித்துக்கொண்டு ஓடினார். பிலோமினாக்கா கையைக் காட்டி மறித்தார்.

"வேண்டாம். எது குடை, எது குடையில்லை எண்டு சம்மாட்டியாருக்குத் தெரியும்."

சுவாமியார் பிரசங்கத்தை நிறுத்திவிட்டுச் சிரிப்பை அடக்கப் புத்தகத்தால் முகத்தை மறைத்தார். அவ்வளவுதான், சனம் வெடித்துச் சிரித்தது. சம்மாட்டியார் எழும்பினார். போகப்போகிறார் என்றுதான் நான் நினைத்தேன். அவர் தன் பெரிய குரலில், "டேய், என்னடா பல்லைக் காட்டுறியள்? வாங்கோடா, அதை எடுத்துக்கொண்டு வருவம்!" என்றார்.

வள்ளம் ஐம்பது மீற்றர் தள்ளிக் கரையில் கவிழ்ந்து கிடந்தது. பெருநாள் உடுப்போடு ஊரே ஓடியது. பட்டுச் சேலை, புதுச் சேர்ட், கோயில் பாட்டுக்காரர், சமையலில் நின்றவர்கள் கரண்டியோடு. அக்கா கூட்டத்தைச் சுற்றிச் சுற்றி ஓடி, "இஞ்ச வந்து பாருங்கோ! இஞ்ச வந்து பாருங்கோ!" என்று கத்தினார். பார்ப்பதற்கு ஒருவரும் மிச்சமில்லை. எல்லோரும் வள்ளத்துக்குக் கீழேதான் இருந்தார்கள். அதைக் கண்டதும் வாயை மூடிக்கொண்டு தானும் தோளைக் கொடுத்தார்.

சறுக்குப் பலகையில் வள்ளம் ஏறும்போது என் காதுக்குள் மெதுவாகச் சொன்னார்: "தம்பி, இது பொருந்தாது. நான் ஊகிச்சுத்தான் வெட்டினது. கர்த்தரே, இது பொருந்தாது."

பொருந்தவில்லை. ஒரு பக்கம் சரியாகப் போய் உட்கார்ந்தது, மறுபக்கம் நாலு விரல் தூக்கிக்கொண்டு நின்றது. மழை அந்த இடைவெளியால் நேரே உள்ளே வந்தது. தள்ளினார்கள், தட்டினார்கள், அசையவில்லை. செயலாளர் தலையை ஆட்டினார். பிலோமினாக்கா கண்ணை மூடிச் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார்.

"தள்ளுங்கோ அங்கால!" என்றார் சம்மாட்டியார். வேட்டியை மடித்துக் கட்டினார். அந்தப் பெரிய உடம்பைத் தூக்கிக்கொண்டு சறுக்குப் பலகையால் மேலே ஏறி, கவிழ்ந்த வள்ளத்தின் முதுகில் குதிரையில் இருக்கிற மாதிரி இரண்டு காலையும் போட்டு, ஒருதரம் குதித்து உட்கார்ந்தார்.

டொக்.

அந்தச் சத்தம் இன்றைக்கும் என் காதுக்குள் இருக்கிறது. விலாவும் வள்ளமும் ஒன்றாயின. உள்ளே மழை நின்றது. மேலே, கொட்டுகிற மழையில், கூரையின் உச்சியில் சங்கத் தலைவர் இருந்தார். சனம் கத்திய கத்தலில் கோயில் மணிக்காரர் என்னவோ ஏதோ என்று மணியை அடித்துவிட்டார். அக்கா ஈர மணலில் இருந்து சிரித்தார், அழுதார், திரும்பச் சிரித்தார். நானும் அழுதேன். எனக்கென்ன வெட்கம்? பிலோமினாக்கா மேலே பார்த்துக் கத்தினார்: "சம்மாட்டியார், இனி ஒழுகினா உங்களைத்தான் கேப்பம்!"

அதோடு முடிந்தது என்று நினைத்தால், செயலாளர் விடுகிற ஆளில்லை. அடுத்த கிழமை சங்கக் கூட்டம் அதே கூரைக்குக் கீழேதான் நடந்தது. வெளியில் மழை. ஆம்பிளைகள் முன்னால் இருந்தார்கள். பெண்கள் ஓரத்தில் இறால் கூடைகளோடு நின்றார்கள். அக்காவும் நானும் பின்னால் ஒரு தூணோடு. செயலாளர் எழும்பிச் சட்டம் கதைத்தார்.

"கூரை ஏறினது உண்மை. ஆனா மாசியில கடல் இறங்கினா வள்ளமெல்லாம் தொழிலுக்குப் போயிடும். அப்ப இது வெறும் இடம்தானே? வெறும் இடத்தில ஐஸ் அறை கட்டுறதுக்கு ஆரும் தடை சொல்லேலாது."

பிலோமினாக்காவின் முகம் செத்துப்போயிற்று. செயலாளர் சொன்னதில் பிழை கண்டுபிடிக்க எங்களுக்கு முடியவில்லை. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

சம்மாட்டியார் கதிரையில் பின்னால் சாய்ந்தார். அண்ணாந்து தன் வள்ளத்தின் வயிற்றை நெடுநேரம் பார்த்தார். ஒட்டுப் போட்ட இடம், குறுக்குப் பலகை, விலா போய் உட்கார்ந்த இடம், ஒவ்வொன்றாக. ஒரு துளி ஈரம் இல்லை. பிறகு செயலாளர் பக்கம் திரும்பினார்.

"விசர்க் கதை கதையாதை. அப்ப வாற மாரிக்கு என்ர வள்ளம் எங்க படுக்கிறது?"

ஆறு வள்ளக்காரரும் ஒரே நேரத்தில் தலையை ஆட்டினார்கள். பிலோமினாக்கா கூடையைத் தூக்கிக்கொண்டு ஓரத்திலிருந்து வந்து, சம்மாட்டியாரின் வள்ளத்துக்கு நேர் கீழே, கூட்டத்தின் நட்டநடுவில் இறக்கி வைத்து, இறாலைக் குவித்து விலை சொல்லத் தொடங்கினார். மற்றப் பெண்களும் கூடைகளோடு ஒவ்வொருவராக உள்ளே வந்தார்கள். ஆம்பிளைகள் கதிரைகளைத் தள்ளி இடம் விட்டார்கள். அக்கா என் கையை இறுக்கிப் பிடித்தபடியே நின்றார். நோகிறது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.